ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு ஒரு மடல்

வேப்பனப்பள்ளியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போய்வரும் தம்பி, தங்கைகளுக்கு,



கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மின்கம்பியில் உட்கார்ந்த பனங்காடையையும் ஏரியில் மிதக்கும் நாமக்கோழியையும் போனில் படமெடுத்து, இது என்ன பறவை என்று என்னைக் கேட்கிறவர்கள் உங்களில் பலர் உண்டு. வார விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போகலாமா என்றும் சிலர் கேட்டீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறு. உங்கள் அம்மா, அப்பா, பெரியப்பா, அத்தை வயதுக்காரர்களுக்கு இயற்கை வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர்களாக நீங்கள் வர வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் பசுமைப் படை இருக்கிறது, பாடப் புத்தகம் இருக்கிறது, ஓவியப் போட்டி இருக்கிறது. மரம், செடி, பூச்சி, விலங்கு பற்றிப் பேசுவதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் காரியம் என்று நம் ஊரில் ஒதுக்கிவிட்டோம். ஆனால் மாமரம் பூத்து நிற்கும்போது எந்த மருந்தை எப்போது அடிப்பது, ராகிக் கொல்லையைச் சுற்றி எந்தக் கம்பியை இழுப்பது, பாம்பு கடித்தவரை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது, குன்றைக் குவாரிக்கு விடுவதா கூடாதா என்பதையெல்லாம் பிள்ளைகள் தீர்மானிப்பதில்லை. 40, 50 வயதுக்காரர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வகுப்பு இந்த வட்டாரத்தில் எங்கே நடக்கிறது? 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விளைநிலத்தில் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் பிழைத்தன. அந்த இரவுக்கு முன்பு பெரியவர்களோடு உட்கார்ந்து பேச ஒருவர் இருந்திருக்கலாமே என்ற நினைப்பு எனக்கு இன்றும் போகவில்லை.

உடனே உங்களுக்கு ஒரு தயக்கம் வரும். பரண் மேல் உட்கார்ந்து யானைக்குக் காவல் இருந்தவருக்கு, காலமெல்லாம் ஆடு மேய்த்தவருக்கு, நாம் என்ன சொல்லித்தருவது? தயக்கம் நியாயமானதுதான். அவர்கள் பார்த்தது ஏராளம். ஆனால் தான் பார்த்ததை அடுத்த கொல்லைக்காரர் பார்த்ததோடும், போன வருஷம் பார்த்ததோடும், வேறு ஊரில் ஆய்வாளர் எழுதி வைத்ததோடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்ததில்லை. அதை உண்டாக்கித் தருவதுதான் ஆசிரியரின் வேலை. அதற்கு நீங்கள் எல்லாம் தெரிந்தவர்களாக இருக்கத் தேவையில்லை.

ஜனவரியில் தொடங்குங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பூவை விடச் சிறந்த பாடப் புத்தகம் கிடையாது. பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா என்று ஒவ்வொரு தோப்பாகப் பூக்கும் காலம் அது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தாழ்ந்த கிளையில் ஒரு பூங்கொத்தைப் பிடித்து, ஒரே ஒரு பூவை ஒருவர் மாற்றி ஒருவர் பார்க்கச் செய்யுங்கள். அரை விரற்கடைகூட இல்லாத பூ. பெரும்பாலும் ஐந்து இதழ், ஒவ்வொன்றிலும் மஞ்சள் கீற்று, பூ பழசாக ஆகக் கீற்று சிவக்கும். நடுவில் பாருங்கள். சில பூக்களில் குண்டூசித் தலை அளவுக்கு இளம்பச்சை உருண்டை ஒன்று இருக்கும். அதுதான் பின்னால் மாங்காய் ஆகக்கூடிய சூலகம். அதே கொத்தில் வேறு பல பூக்களில் அந்த உருண்டையே இருக்காது. அவை ஆண் பூக்கள், எவ்வளவு உரம் வைத்தாலும் காய்க்காது. இரண்டு வகையிலும் மகரந்தம் தருகிற கேசரம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அதன் நுனி இளஞ்சிவப்பாக இருந்து, வெடிக்கும்போது ஊதா நிறத்துக்கு மாறும்.

தலைமுறையாக மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் அந்த லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். ஆண் பூ எத்தனை, இருபால் பூ எத்தனை என்று தாங்களாகவே எண்ணத் தொடங்குவார்கள். செந்தூராவில் எண்ணியவர், பெங்களூராவில் எப்படி இருக்கிறது என்று அடுத்த தோப்புக்காரரைக் கேட்பார். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருந்தும் நூற்றில் ஒன்றுகூடப் பழமாகத் தேறுவது அரிது. ஏன் என்ற கேள்வி அங்கேயே பிறக்கும்.

கேள்வி பிறந்த பிறகு அந்தக் கொத்தின் எதிரில் கால்மணி நேரம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். எது வருகிறது, எது பூவில் உட்கார்கிறது, எது சும்மா தாண்டிப் போகிறது என்று ஆளுக்கொரு கொத்தைப் பார்க்கட்டும். தேனீதான் வரும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். தேனீயும் கொசுத்தேனீயும் வரும். ஆனால் அதிகம் வருவது ஈ. வீட்டு ஈ, பச்சையாக மினுங்கும் பெரிய ஈ, பூவின் முன்னால் அந்தரத்தில் நிற்கும் கோடுபோட்ட ஈ. உலகம் முழுவதும் மாமரத்துக்கு மகரந்தம் சுமக்கும் கூலியாள்களில் பெரும்பங்கு இந்த ஈக்கள்தான். நாம் கையை வீசி விரட்டுகிற ஈயால் நம் வீட்டுக் கடன் அடைகிறது என்பது தெரியும்போது தோப்புக்காரர் முகம் மாறுவதைப் பாருங்கள்.

மருந்து அடிக்காதீர்கள் என்று மட்டும் அப்போது சொல்லிவிடாதீர்கள். தத்துப்பூச்சி வந்தால் பூ கருகுவதை அவர்கள் அனுபவித்தவர்கள், அந்த நஷ்டத்தை நாம் சுமப்பதில்லை. தோப்பு குத்தகைக்காரர் கையில் இருந்தால் மருந்து அடிப்பவரும் வேறு, மண்ணுக்குச் சொந்தக்காரரும் வேறு. ஆனால் பூ முழுக்க விரிந்திருக்கும் பகல் நேரத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் தத்துப்பூச்சியோடு ஈயும் சாகும் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்த்தவர்கள், அடுத்த முறை குத்தகை பேசும்போது அதையும் பேசுவார்கள். பெரியவர்களுக்கு முடிவைச் சொல்லக் கூடாது. முடிவுக்குப் போகும் வழியைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். இதை 1990களில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். பிள்ளை பலகையில் எழுதி அழிப்பதற்கு அஞ்சாது. பெரியவர் நாலு பேர் முன்னால் தப்பாகிவிடுமோ என்றுதான் வாயைத் திறக்க மாட்டார். அதனால் தேர்வு வைக்காதீர்கள், பெயர் சொல்லி எழுப்பிக் கேட்காதீர்கள்.

இரண்டாவது வகுப்பாகப் பாம்பை வையுங்கள். இதில் உயிர் காப்பாற்றும் வேலை இருக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே முறிமருந்துதான், அது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் பதிந்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்பார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தை ஒரு தெருவில் பத்துப் பெண்கள் அறிந்திருந்தால் போதும். கயிறு கட்டாமல், கீறாமல், வாய் வைத்து உறிஞ்சாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்.

இந்த வகுப்பில் கொம்பேறி மூக்கன் கட்டாயம் வந்து நிற்கும். கடித்துவிட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவர் சுடுகாட்டில் எரிகிறாரா என்று பார்க்கும் பாம்பு என்று யாராவது சொல்லுவார். சிரிக்காதீர்கள். அது மரத்திலேயே வாழும், நஞ்சில்லாத பாம்பு. அது மரத்துக்கு ஏறுவதைப் பார்த்தது உண்மை, காரணம் சொன்னதுதான் கதை. பார்த்தது எது, சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்க அவர்களுடைய கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஒன்று, பாம்பைக் கையால் தொட்டு வித்தை காட்டாதீர்கள், யாரையும் தொடவிடாதீர்கள். படம் போதும்.

யானையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பன்னேர்கட்டா, ஜவளகிரி, சானமாவு என்று இறங்கி, சூளகிரி, வேப்பனப்பள்ளி, மகாராஜகடை வழியாக ஆந்திர எல்லை வரை அவை போகும் தடம் நம் வீட்டுப் பக்கம்தான். ராகி முற்றும் மாதங்களில் தூக்கம் கெட்டவர்கள் நாம். வந்த யானைக் கூட்டத்தில் என்னென்ன இருந்தன என்று பரண்காரரைக் கேளுங்கள். குட்டியோடு வந்ததா, தந்தமுள்ள இளவட்டங்கள் மட்டுமா? நிஷாந்த் ஸ்ரீநிவாசையாவும் அவர் குழுவும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கும். காது, தந்தம், வால் ஆகியவற்றின் படங்களை வைத்து 248 ஆண் யானைகளை அவர்கள் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். தனித்துத் திரியும் என்று கருதப்பட்ட இளம் ஆண் யானைகள், காடு குறைந்து பயிர் மிகுந்த இடங்களில் நீண்ட காலம் சேர்ந்தே இருக்கும் ஆண்கூட்டங்களாகத் திரள்கின்றன என்பது அவர்கள் கண்டது. இதை நம் பரண்காரர் ஏற்கெனவே பார்த்திருப்பார். தான் பார்த்தது உலகத்து ஆய்விதழில் ஏறியிருக்கிறது என்று தெரியும்போது, அடுத்த முறை தந்தத்தின் வளைவையும் காதின் கிழிசலையும் அவர் பார்த்து வைப்பார். எந்தக் கூட்டம், எந்தத் தேதி, எந்தப் பக்கம் போனது என்று நான்கு கிராமத்தார் எழுதிச் சேர்த்தால், கம்பியில் மின்சாரம் பாய்ச்சுவதைத் தவிர வேறு வழி பேச ஒரு ஆதாரம் கையில் இருக்கும்.

ஆலை வேலைக்குப் போகிறவர்களிடம் நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று யோசிப்பீர்கள். நீங்கள்தான் இதற்குப் பொருத்தமானவர்கள் என்று உறுதியாக நம்புவதால் கேட்கிறேன். தர ஆய்வுப் பிரிவில் நாள் முழுக்க லென்ஸ் வழியாகப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடித்து எழுதுகிற தங்கைக்கு மாம்பூ பெரிய காரியமில்லை. நேரம், எண்ணிக்கை, கையெழுத்து என்று லாக் புத்தகம் எழுதி அடுத்த ஷிப்டுக்குக் கொடுக்கிற ஒழுக்கம் உங்களுக்குப் பழகிவிட்டது. இயற்கை வரலாறு என்பதும் அதுவேதான், பார்த்ததைத் தேதி போட்டு எழுதி அடுத்த ஆளிடம் கொடுப்பது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் மற்றவர் எழுவதற்கு முன் ஊரைப் பார்க்கிறீர்கள். அதோடு நீங்கள் வீட்டில் தெலுங்கும் கன்னடமும், கடைத்தெருவில் தமிழும் பேசுகிறவர்கள். எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார உங்களால் முடியும்.

இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் 19-ஆம் நூற்றாண்டில் கைத்தறி நெசவாளிகள் இதைச் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மதுக்கடையில் கூடி, வாரம் முழுவதும் சேகரித்த செடிகளை மேசையில் குவித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லிப் பழகினார்கள். சந்தா போட்டுப் பொதுவில் புத்தகம் வாங்கினார்கள். ஜான் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற நெசவாளி, செடிகளை 24 வகுப்பாகப் பிரித்த லின்னேயஸின் பட்டியலை எழுதித் தன் தறிக்கம்பத்தில் ஒட்டிவைத்து, நெய்துகொண்டே படித்தார். பின்னாளில் அவரே ஒரு தாவரச் சங்கத்துக்குத் தலைவரானார். பல்கலைக்கழகம் போகாத உழைப்பாளிகள் உழைப்பாளிகளுக்கே நடத்திய வகுப்பு அது.

நம் பக்கத்தில் மா. கிருஷ்ணனைச் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளேட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயற்கை பற்றி எழுதினார். வேலைக்குப் போய்வரும் சாதாரணப் பெரியவர்கள்தான் அவருடைய மாணவர்கள். புலியையும் யானையையும் எழுதியது போலவே வீட்டுக் கூரையில் ஓடும் அணிலையும் அதே அக்கறையோடு எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலை வாங்கி, ஆளுக்கு ஒரு மாதம் என்று கைமாற்றிப் படியுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எழுத்தறிவு இல்லாத பெரியவர் இயற்கை வரலாற்றில் மாணவராக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இனி உங்கள் தயாரிப்பு. ஊர் ஊராகப் போய்ப் பறவை எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மார்க்கண்டேய நதியில் உங்கள் ஊருக்கு நெருங்கிய ஒரு பர்லாங்கு கரையை எடுத்துக்கொண்டு ஒரு முழு ஆண்டு அங்கேயே போங்கள். தண்ணீர் எப்போது வருகிறது, எந்த மாதத்தில் புங்கன் தளிர்விடுகிறது, வாலாட்டிக் குருவி எந்த வாரத்தில் வந்து இறங்குகிறது, எப்போது காணாமல் போகிறது என்று எழுதுங்கள். மரங்களுக்கு ‘சீசன்வாட்ச்’ இருக்கிறது, நீங்கள் தேர்ந்தெடுத்த மரத்தில் தளிர், பூ, காய் உண்டா என்று வாராவாரம் பதியலாம். பறவைகளுக்கு ‘இபேர்ட்’. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நம் வட்டாரத்திலிருந்தும் பட்டியல் போகட்டும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் உதவிதான், ஆனால் வகுப்பில் போனைப் பையிலேயே வையுங்கள். செயலி பெயரைச் சொன்ன கணத்தில் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பெயர் கடைசியில் வரட்டும். முதலில் அது என்ன செய்கிறது, எங்கே கூடு வைக்கிறது, எதைத் தின்கிறது என்று அவர்கள் சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் விசாரித்து வந்து சொல்லுங்கள். மதிப்பு கூடும், குறையாது.

ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். கூட்டத்தில் வயதானவர் நடக்கும் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். பெண்களுக்கு ஞாயிறு காலை ஆகாது. அவர்களுக்கு நூறு நாள் வேலை இடத்து இடைவேளையோ, மாடு கறந்து முடித்த பிற்பகலோ பாருங்கள். அதை அவர்களைக் கேட்டே வையுங்கள்.

குன்றுகளையும் மறந்துவிடாதீர்கள். கிரானைட்டாக அறுத்து லாரியில் ஏற்றுகிறோமே, இந்த வட்டாரத்துப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அந்தப் பாறை இடுக்கில்தான், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சிவந்து நிற்கும் பாறை ஓணான் வாழ்கிறது. தென்னிந்தியப் பாறைக்குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கும் இத்தகைய புதர்க்குன்றுகள்தான் வீடு. புலியோடு போரிட்டு இறந்தவர்களுக்கு எடுத்த நடுகற்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அவற்றின் முன் ஒரு வகுப்பு நடத்துங்கள். இங்கே புலி இருந்தது என்று கல்லிலேயே எழுதிவைத்த முன்னோருக்கு நாம் என்ன எழுதி வைக்கப்போகிறோம் என்ற பேச்சு தானாக வரும்.

அந்தப் பேச்சுக்கு ஒரு சட்டபூர்வமான இடமும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்த ஊரின் செடிகொடி, விலங்கு, பயிர் வகை, அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவை எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உங்கள் வகுப்பின் நோட்டு அந்தப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். ஜனவரி 26 கிராம சபை வருவதற்குள் மாம்பூ வகுப்பு ஒன்றிரண்டு நடந்திருக்கும். அன்று பத்துப் பேராகப் போய், நம் ஊராட்சியின் பதிவேடு எங்கே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். விடுபட்டதைச் சேர்க்கத் தீர்மானம் கேளுங்கள். எழுந்து பேசுவது வகுப்புக்கு வந்த பெரியவர்களாகவே இருக்கட்டும். நோட்டை எடுத்துக் கொடுக்க நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்